கேளுங்க, சொல்றேன்: வேலிக்குள் ஒரு விலை

போன இதழில் பையருக்கு, அதாவது நம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, மெயில் எழுதுவது பற்றிச் சொல்லும்போது 'பால்பார்க் ஃபிகர்' என்று ஒரு வார்த்தையை விளக்கம் சொல்லாமல் போகிற போக்கில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது, அதனால் இந்தத் தடவை மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு பையரிடமிருந்து ஒரு மெயில். டெக் பேக்கை (ஆடையின் துணி, அளவு, தையல் விவரம் எல்லாம் உள்ள தாள்) இணைத்து, இன்றைக்குள் ஒரு பால்பார்க் ஃபிகர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். மேனேஜர் லீவு. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'பந்து பூங்கா உருவம்' என்று வந்தது. உருவம் என்றால் அளவாக இருக்கும் என்று நினைத்து சைஸ் சார்ட்டை அனுப்பிவிட்டேன். ஒரு சிரிப்பு பொம்மை மட்டும் பதிலாக வந்தது. அவர் கேட்டது என்னங்க ஐயா?
(பெயர் வேண்டாம் என்கிறார் வாசகி, அனுப்பர்பாளையம்)

பதில்: அவர் கேட்டது விலை, அம்மிணி. பைசா சுத்தமான விலை இல்லை, "ஏறக்குறைய எந்தப் பக்கம் வரும்?" என்கிற விலை. நம்ம ஊரில் குத்துமதிப்பு என்கிறோமே, அதுதான். ஃபிகர் என்றால் இங்கே எண். பால்பார்க் என்றால் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிற மைதானம். பூங்காவும் கிடையாது, பந்தின் உருவமும் கிடையாது. சிரிப்பு பொம்மையோடு விட்டாரே, நல்ல மனுஷன், அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

மைதானத்துக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டை வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். பிட்ச் எந்த ஊரில் போட்டாலும் 22 கஜம். ஆனால் பவுண்டரி கயிறு ஊருக்கு ஊர் மாறும், சர்வதேச ஆட்டத்திலேயே 65 கஜத்துக்குக் குறையாமல் 90 கஜத்துக்கு மிகாமல் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பேஸ்பாலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற நாலு முனைகளுக்கு நடுவில் 90 அடி என்பது மாறவே மாறாது, ஆனால் வெளி வேலி ஒவ்வொரு மைதானத்திலும் ஒவ்வொரு தூரம். பாஸ்டனில் 1912-இல் திறந்த ஃபென்வே பார்க் என்கிற பழைய மைதானத்தில் இடது ஓரத்தில் 310 அடியிலேயே 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர் நிற்கும், வலது ஓரத்தில் கம்பம் 302 அடியில். புதிதாகக் கட்டுகிற மைதானத்துக்கு ஓரம் 325 அடி, நடு 400 அடியாவது வேண்டும் என்று 1958-க்குப் பிறகு விதி வந்தது, பழையதை யாரும் இடிக்கவில்லை.

ஆக, அளவு இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்ல முடியாத இடம், ஆனால் வேலி உண்டு. 'பால்பார்க் ஃபிகர்' என்ற பேச்சில் எல்லோரும் முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள், வேலியை மறந்துவிடுகிறார்கள். எண் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. வேலிக்குள்ளே எங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் அர்த்தம். வாய்க்கு வந்ததைச் சொல்வது வேறு சமாச்சாரம், அதற்கு நம்மிடம் வேறு வார்த்தை இருக்கிறது, பத்திரிகையில் போட முடியாது.

உடுமலைப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு சின்னத் தோப்பு இருந்தது, இருநூறு மரம் சொச்சம். காய் வியாபாரி வந்தால் நான் பின்னாலேயே போவேன். அவர் எதையும் எண்ண மாட்டார். வரப்பில் நடந்துகொண்டே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார், கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, கீழ்க் குலை எப்படித் தொங்குகிறது என்று மட்டும் பார்ப்பார், மூன்று வரிசை தாண்டி வாய்க்கால் ஓரத்து மரத்தை இன்னொரு தடவை பார்ப்பார், ஏனென்றால் தண்ணீர் ஓரத்து மரத்தைப் பார்த்து ஏமாந்து போகக்கூடாது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "நாலாயிரத்துக்குக் கொறையாதுங்க, நாலே காலுக்கு மேல போகாதுங்க." காய் போட்டு எண்ணினால் ஒரு தடவை நாலாயிரத்து நூற்று முப்பது இருந்தது. அந்த மனுஷன் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்தவரில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் அச்சு அசலான பால்பார்க் ஃபிகர்: கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருவோம். டெக் பேக்கில் என்ன இருந்தது என்று எழுதவில்லை, சாதாரண ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் என்று வைத்துக்கொள்கிறேன். விலையெல்லாம் கணக்குக்காக நான் போடுவது, இன்றைய மார்க்கெட் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நூல் கிலோ 270, நிட்டிங் 15, சாயம் 90, காம்பாக்டிங் 10, ஆக 385. பிராசஸ் லாஸ், அதாவது இந்த வேலைகளில் கழிகிற எடை, எட்டு சதவீதம் போனால் கையில் கிடைக்கிற துணி கிலோ கிட்டத்தட்ட 420 ரூபாய். ஒரு பீஸுக்கு கட்டிங் வேஸ்ட்டோடு 200 கிராம் என்றால் துணி 84. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்ந்து 36. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 12. தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க 6. மொத்தம் 138, அதன் மேலே கம்பெனிச் செலவு, லாபம் என்று 15 சதவீதம், கிட்டத்தட்ட 159. டாலர் 85 என்றால் 1.87.

இந்த 1.87-ஐ அப்படியே தட்டி அனுப்பினீர்களோ, போச்சு. பால்பார்க் கேட்டவனுக்குப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் போட்டுக் கொடுத்தால், அவன் அதைக் குத்துமதிப்பு என்று நினைக்க மாட்டான், உட்கார்ந்து காஸ்டிங் போட்டுப் பார்த்துச் சொன்ன விலை என்று நினைப்பான். 1.80-க்கும் 2 டாலருக்கும் நடுவில் வரும் என்று எழுதுங்கள். கலர் இன்னும் முடிவாகவில்லை அல்லவா? கருப்பு, நேவி மாதிரி அடர் நிறம் என்றால் சாயம் ஏறும், துணி 460-க்குப் போனாலே பீஸ் விலை 1.98 ஆகிவிடும். அதையும் சேர்த்துத்தான் மேல் வேலியை 2-இல் போடச் சொன்னேன். பிரிண்ட் இருந்தால் அது இந்த வேலிக்கு வெளியே, தனியாகச் சொல்லிவிடுங்கள்.

மெயில் இப்படி இருந்தால் போதும்: "அவர் (our) பால்பார்க் ஃபார் திஸ் ஸ்டைல் ஈஸ் 1.80 டு 2.00 டாலர்ஸ், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, வித்அவுட் பிரிண்ட். ஃபைனல் பிரைஸ் ஆஃப்டர் கலர்ஸ் அண்ட் குவான்டிட்டி." இரண்டே வரி. எஃப்.ஓ.பி. என்றால் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் செலவு நம்முடையது. எத்தனை பீஸ், என்ன கலர் என்று தெரிந்த பிறகுதான் கடைசி விலை என்பதை அதிலேயே சொல்லியாகிவிட்டது. அப்புறம், மேனேஜர் லீவில் இருந்தாலும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள், குத்துமதிப்போ இல்லையோ, கம்பெனி பெயரில் போகிற எண்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நானே சூடுபட்டவன். தொண்ணூறுகளில், மெயில் எல்லாம் இல்லை, ஃபேக்ஸ்தான். ஒரு போலோ ஷர்ட்டுக்கு இதே வார்த்தையைப் போட்டு விலை கேட்டு வந்தது. எனக்கு அர்த்தம் தெரியும், ஆனால் என் ஆங்கிலத்தையும் கணக்கையும் ஒருசேரக் காட்டிவிட வேண்டும் என்ற மிதப்பு, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டி, செண்ட் வரைக்கும் பிரித்து, ஒரே ஒரு எண்ணாக, கீழே கோடு வேறு போட்டு அனுப்பினேன். அந்தப் பக்கம் அதை அப்படியே விலைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். ஆர்டர் கைக்கு வருவதற்குள் நூல் விலை ஏறிவிட்டது. முதலாளி திட்டவில்லை. அந்த ஃபேக்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, தோப்புக்குள்ள போகாமயே காய எண்ணிட்டயே" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கேள்வி: எங்களுடையது பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறை. அமெரிக்கக்காரர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள், அவர்கள் சொன்னால் சரி. எங்களுக்கு இங்கிலாந்திலிருந்து விசாரிக்கிறவரும் இதையே கேட்கிறாரே, அங்கே அந்த ஆட்டமே பெரிதாக இல்லையே? வார்த்தை எப்போது பிறந்தது?
(வாசகர், கணபதி, கோவை)

பதில்: ஆட்டம் கப்பலேறவில்லை, வார்த்தை மட்டும் ஏறிவிட்டது. சதுரங்கப் பலகையைத் தொடாதவர்கூட 'காய் நகர்த்துகிறான்' என்று பேசவில்லையா, அது மாதிரி.

மைதானத்துக்கு அந்தப் பெயர் பழசு. ஆனால் 'ஏறக்குறைய' என்ற பொருளில் அச்சில் கிடைக்கிற ஆரம்பகாலப் பயன்பாடுகளில் ஒன்று விண்வெளிச் செய்தி என்பதுதான் சுவாரஸ்யம். 1960 ஆகஸ்டில் அமெரிக்கா டிஸ்கவரர் 14 என்று ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. அதிலிருந்து ஒரு சின்னக் கூடு கழன்று பாராசூட்டில் பசிபிக் கடல் பக்கம் இறங்க வேண்டும், அதை வானத்திலேயே ஒரு விமானம் கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். கேட்டால் கதை மாதிரி இருக்கும், நிஜமாகவே நடந்தது. சி-119 என்ற சரக்கு விமானம் இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை பிடித்தது. கூடு குறி வைத்த நடு இடத்திலிருந்து ரொம்பவே தள்ளித்தான் இறங்கியது, ஆனால் முன்கூட்டியே வளைத்துக் குறித்து வைத்திருந்த பரப்புக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பரப்பைத்தான் அன்றைய பத்திரிகைச் செய்தி 'பால்பார்க்' என்று மேற்கோள் குறி போட்டு எழுதியது. (அந்தக் கூட்டுக்குள் இருந்தது ரஷ்யாவை மேலிருந்து படம் பிடித்த ஃபிலிம் சுருள் என்பது 1995-இல்தான் வெளியே வந்தது. அதுவரை ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) அப்புறம் அறுபதுகளிலேயே வார்த்தை விஞ்ஞானிகளிடமிருந்து கணக்குப்பிள்ளைகளிடம் வந்துவிட்டது.

இன்னொரு கதையும் சுற்றுகிறது: மைதானத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வர்ணனையாளர் கண்ணால் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வாராம், அதிலிருந்து வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அந்தக் கதையில் வேலி இல்லை.

உங்கள் இங்கிலாந்துக்காரர் வேறு விதமாகவும் கேட்கலாம். 'பேக் ஆஃப் தி என்வலப்' கணக்கு என்பார், தபால் உறையின் பின்புறத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கிற கணக்கு. நாம் சிகரெட் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலும் போடுவோமே, அதேதான். 'கெஸ்டிமேட்' என்று ஒன்று உண்டு, ஊகத்தையும் எஸ்டிமேட்டையும் ஒட்டவைத்தது. பட்டறைக்காரர் அந்த வார்த்தையைப் பதிலில் எழுத வேண்டாம் என்பேன், அதில் ஊகம்தான் தூக்கலாகத் தெரியும்.

அவர்களுடைய சொந்தச் சரக்கு எல்லாம் கிரிக்கெட்டிலிருந்து. 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலைமை, மழையில் நனைந்து காய்கிற பிட்சில் மட்டை பிடிக்கிற மாதிரி. 'ஆஃப் யுவர் ஓன் பேட்' என்றால் யார் சொல்லியும் இல்லாமல் தானாகச் செய்தது. இதெல்லாம் நமக்கு உடனே புரிந்துவிடும். அமெரிக்கச் சரக்குதான் தடுக்கும். 'டச் பேஸ்' என்றால் ஒரு எட்டு பேசிக்கொள்வோம், 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழுந்த சிக்கல், 'ரெயின் செக்' என்றால் இப்போது வேண்டாம், இன்னொரு நாள் பார்ப்போம். இந்த மூன்றும் பேஸ்பால்தான். ரெயின் செக் மழையில் நின்றுபோன ஆட்டத்துக்குப் பதிலாக இன்னொரு நாள் பார்க்கக் கொடுத்த சீட்டு. ஒரு பையர் ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினதைப் பார்த்துவிட்டு, காசோலை வரும் என்று காத்திருந்த கணக்குப்பிள்ளையை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட் வைத்திருக்கிறார். சாம்பிள் பார்த்துவிட்டு பையர் 'யூ நாக்ட் இட் அவுட் ஆஃப் தி பார்க்' என்று எழுதியிருந்தார். பார்க்கை விட்டு வெளியே போய்விட்டது என்றால் நிராகரித்துவிட்டார் என்று நினைத்து, இவர் ராத்திரியோடு ராத்திரியாக டெய்லரைக் கூப்பிட்டு வேறு சாம்பிள் தைத்து கூரியரில் தாட்டிவிட்டார். அப்புறம்தான் பாராட்டு என்று தெரிந்தது. அப்படியானால் வெளியே போவது நல்லதா, கெட்டதா?
(வாசகி, பெருந்துறை)

பதில்: இரண்டும்தான் அக்கா, அதுதான் வம்பு. பந்தை அடித்து வேலியைத் தாண்டி வெளியே அனுப்பினால் அது அவர்களுடைய சிக்ஸர். ஆகவே வேலையை, சாம்பிளை, பேச்சைப் பற்றிச் சொல்லும்போது பார்க்குக்கு வெளியே அடித்துவிட்டாய் என்றால் பிரமாதம் என்று அர்த்தம். எண்ணைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் உள்ளே இருக்க வேண்டும். 'யுவர் பிரைஸ் ஈஸ் நாட் ஈவன் இன் தி பால்பார்க்' என்று வந்தால், விலை சரியில்லை என்பதோடு நிற்கவில்லை, பேரம் பேசுகிற தூரத்தில்கூட இல்லை என்று பொருள். 'வி ஆர் இன் தி சேம் பால்பார்க்' என்று வந்தால் காபி போடச் சொல்லுங்கள், அஞ்சு பத்து செண்டில் முடிந்துவிடும்.

அடித்தது யார் என்று பாருங்கள், அதுதான் அடையாளம். நாக்ட், ஹிட் என்று அடிக்கிற வினைச்சொல் இருந்தால் பாராட்டு. விலையும் எண்ணும் இருந்து, இன், நாட் இன் என்று வந்தால் மைதானக் கணக்கு. இரண்டாவது சாம்பிள் வீண் போகாது, பையருக்கு அதுவும் பிடித்திருக்கும். டெய்லருக்கு ராத்திரி டூட்டிக் காசு கொடுத்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: பால்பார்க், எஸ்டிமேட், கொட்டேஷன் மூன்றும் ஒன்றா? வீடு கட்டுகிற இடத்தில் இன்ஜினியர் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார், எதை நம்புவது?
(வாசகர், ஈரோடு)

பதில்: ஒன்று இல்லைங்க. மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சந்தைக்குள் நுழைந்ததும் தெரிந்த தரகரிடம், "இந்த மாதிரி ஜோடி என்ன போகுது?" என்று கேட்கிறீர்கள், அவர் மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இன்னதிலிருந்து இன்னது வரைக்கும் என்கிறார். அது பால்பார்க். பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டு, சுழி பார்த்து, அப்புறம் சொல்கிற விலை எஸ்டிமேட்: பார்த்துச் சொன்னது, ஆனால் இன்னும் கொஞ்சம் ஏறலாம் இறங்கலாம். துண்டைப் போட்டு அதற்குள்ளே விரலைப் பிடித்து முடித்து, அச்சாரம் கை மாறினதே, அது கொட்டேஷன் ஏற்றுக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகு, மாட்டுக்கு இரண்டு பல் குறைகிறது என்று பேச்சு மாற்ற முடியாது.

உங்கள் இன்ஜினியர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிளான் போடுவதற்கு முன்னால் சொன்னாரே, அது பால்பார்க். அதை வைத்து பேங்கில் போய் லோன் கேட்காதீர்கள். பிளான் போட்டு, கம்பி எத்தனை டன், சிமெண்ட் எத்தனை மூட்டை, கதவு தேக்கா வேம்பா என்று வரிசையாக எழுதிக் கொடுப்பது எஸ்டிமேட். கொட்டேஷனில் தேதி இருக்கும், எத்தனை நாளைக்குச் செல்லும் என்று இருக்கும், கீழே கையெழுத்து இருக்கும். வாயால் சொன்னதைக் கொட்டேஷன் என்று யாராவது சொன்னால் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுங்கள், உடனே அது பால்பார்க்காக மாறிவிடும்.

கேள்வி: வேலைக்கு இன்டர்வியூவில் "சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், ஒரு பால்பார்க் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். "நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்கள் சார்" என்றேன். சரிதானா?
(எம்.பி.ஏ. மாணவர், கரூர்)

பதில்: சரியில்லை தம்பி. பார்த்துப் போடுங்கள் என்பது காய்கறிக் கடையில் கருவேப்பிலைக்குச் சொல்கிற பேச்சு. இரண்டு எண் சொல்லுங்கள், கீழ் எண் உங்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகிற எண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் காதில் அதுதான் விழும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். குத்துமதிப்பு, தோராயம், உத்தேசம், சுமார் என்று நம்மிடமே இத்தனை இருக்கும்போது பந்து மைதானத்தைப் போய் எதற்கு இரவல் வாங்க வேண்டும்? தமிழில் எதைச் சொல்ல வேண்டும் என்றாவது எழுதுங்கள்.
(வாசகர், தாராபுரம்)

பதில்: ஐயா, இரவல் வாங்கவில்லை, வந்த கடிதத்துக்குப் பதில் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறோம். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்கிற வியாபாரி வெள்ளை பனியன் வாங்கத் திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊர் யார் யாருடைய பேச்சுக்கெல்லாமோ பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் குத்துமதிப்பு என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்கிற காலம் வந்தால் முதல் பாடம் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் நமக்குள் பேசும்போது பால்பார்க் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் உங்களை மாதிரியே இருக்கிறது. பல்லடத்துக்காரர் சூலூர்க்காரரிடம், "ஒரு பால்பார்க் சொல்லுங்க ப்ரோ" என்கிறார். என்னத்துக்கு?

நீங்கள் சொன்ன நாலும் ஒன்று போல இருந்தாலும் எனக்கு ஒன்றில்லை. சுமார் என்பது எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற சொல், சுமார் ஐநூறு பேர் என்றால் சொல்கிறவருக்கு ஐநூறு என்ற எண் மனதில் இருக்கிறது. தனியே 'சுமாரா இருக்கு' என்றால் நன்றாக இல்லை என்று ஆகிவிடும், அதனால் விலை கேட்டவருக்கு 'சுமாரான விலை' என்று எழுதினால் கதை கெட்டது. உத்தேசம் வரப்போகிறதைப் பற்றியது, இன்னும் நடக்காதது, பட்ஜெட்டுக்குப் பொருத்தம். தோராயம் கணக்குப் புத்தகத்து வார்த்தை, கடைசி இலக்கத்தை முழுசாக்குகிற வாசனை அதில் அடிக்கிறது. குத்துமதிப்பில்தான் ஆள் தெரிகிறான். அளக்காமல், நிறுக்காமல், கண்ணையும் பழக்கத்தையும் நம்பிச் சொல்வது. பால்பார்க் ஃபிகருக்கு நேர் சொல் கேட்டால் நான் அதைத்தான் கொடுப்பேன், எழுத்தில் கொஞ்சம் மரியாதையாக வேண்டும் என்றால் 'உத்தேச மதிப்பு'. ஆபீஸ் கடிதத்தில் குத்துமதிப்பு என்று எழுதக்கூடாது என்று ஒரு மேனேஜர் என்னிடம் சண்டைக்கு வந்தார், கொச்சையாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே மேனேஜர் சமையல்காரரிடம் பேசுகையில் பக்கத்தில் இருந்தேன்.

அந்தச் சமையல்காரர் காங்கேயம் பக்கத்து ஆள், பெரிய கை. காதில் பென்சில், கையில் தாள் இல்லை. மேனேஜர் பத்திரிகைக் கணக்கு, உறவுமுறைக் கணக்கு எல்லாம் போட்டு வைத்த டைரியைத் திறந்துகொண்டு, முகூர்த்தத்துக்கு நானூற்று எண்பத்தி ஆறு பேர் என்று வாசித்தார். சமையல்காரர் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மண்டபம் எந்த ஊர், முந்தின நாள் ராத்திரி வேறு முகூர்த்தம் இருக்கிறதா, பொண்ணு வீட்டிலிருந்து வேன் எத்தனை, வெள்ளிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று நாலு கேள்வி கேட்டார். அப்புறம் சொன்னார்:

"அந்த ஆற வெட்டிப் போடுங்க. ஐநூறு எலைக்குக் கொறையாது, அறநூறத் தாண்டாது. அரிசி நான் அறநூத்துக்கு ஊற வெக்கறேன், பாயசம் மட்டும் ஐநூத்தம்பது."